களவு போன கனத்த குரல்கள்

பேஸ் கிடார் கலைஞர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு தந்தியில் தொடங்கி ஆம்ப்ளிஃபையரில் முடியும். நடுவே, காணாமல் போன மூன்று கருவிகளின் கதை கட்டாயம் வரும்.

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் ஒரு வீட்டுப் பரண். பழைய கிடார் பெட்டி ஒன்று அங்கே வருடக்கணக்கில் கிடந்தது. உள்ளே வயலின் போன்ற உருவத்தில், நான்கு தந்திகள் பூட்டும் ஒரு பேஸ் கிடார். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்காகச் செய்யப்பட்டது. ஹோஃப்னர் 500/1 என்ற அந்த ஜெர்மன் கருவியை 1961-ல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டு கொடுத்து வாங்கியவர், அப்போது இருபது வயதுகூட நிரம்பாத பால் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ் குழுவின் ஆரம்ப கால இசைத்தட்டுகளில் பாட்டுக்கு அடியில் உருண்டோடும் ஒலி அதனுடையதுதான். 1972 அக்டோபரில் ஓர் இரவு, லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து அது திருடு போனது. 51 வருடங்கள் கழித்து, 2023 டிசம்பரில், உடையவர் கைக்கு வந்து சேர்ந்தது.

2024 பிப்ரவரியில் செய்தி வெளியானதும் அது எத்தனை கோடி பெறும் என்று உலகம் கணக்குப் போட்டது. பேஸ் வாசிப்பவர்களின் கவலை வேறு. கழுத்து வளைந்திருக்குமா? பிக்கப்புகள் உயிரோடு இருக்குமா? இனி அதில் எந்தத் தந்தியைப் போடப் போகிறார்கள்?

இசைக் குழுவில் இவர்களைப்போல் கண்ணில் படாத ஆட்கள் கிடையாது. பாடகர் முன்னால் நிற்பார். லீட் கிடார்காரர் முழங்காலிட்டுச் சரிவார். டிரம்ஸ் வாசிப்பவருக்குத் தனி மேடையே உண்டு. பேஸ்காரர் அந்த மேடையின் ஓரமாக நின்று தலையை லேசாக அசைத்துக்கொண்டிருப்பார். அவர் வாசிப்பதை ரசிகர்கள் காதால் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில் உணர்வதுதான் அதிகம். நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். அதனாலோ என்னவோ, தங்கள் இனத்தைச் சேர்ந்த இன்னொருவரைக் கண்டுவிட்டால் இவர்கள் பேசித் தீர்க்கிறார்கள்.

பேச்சின் முதல் கேள்வி பெரும்பாலும் 'பி-யா, ஜே-யா?' என்பதாக இருக்கும். இதைப் புரிந்துகொள்ள 1951-க்குப் போக வேண்டும். அதுவரை கீழ் ஸ்தாயி வேலையைச் செய்து வந்தது ஆள் உயரத்தைத் தாண்டிய டபுள் பேஸ். தூக்கிச் செல்வதே ஒரு தண்டனை. பித்தளை வாத்தியங்களின் இரைச்சலில் அது வாசிப்பது யாருக்கும் கேட்காது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்த்துப் பிழைத்து, பிறகு கிடார் தயாரிப்பில் இறங்கிய லியோ ஃபெண்டர் இதற்கு ஒரு வழி கண்டார். இத்தனைக்கும் அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் கட்டையான ஒரு பலகை, 34 அங்குல நீளத்துக்கு நான்கு தந்திகள், அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு காந்தச் சுருள். அதுதான் பிக்கப். வீணையில் மெட்டு இருப்பதுபோல் கழுத்தின் குறுக்கே உலோகப் பட்டைகளைப் பதித்தார். டபுள் பேஸில் விரல் மயிரிழை தவறினாலும் சுருதி விலகிவிடும். இதில் அந்தப் பயம் இல்லை. ஸ்வரம் துல்லியமாக விழும் என்பதால் 'ப்ரிசிஷன் பேஸ்' என்று பெயர் வைத்தார். சியாட்டில் நகரத்து பால் டட்மார்க் 1930-களிலேயே இதுபோல் ஒன்றைச் செய்திருந்தார் என்பது பேஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் துணுக்கு. ஆனால் அது பெரிதாக விலைபோகவில்லை. ஃபெண்டருடையது போயிற்று. 1960-ல் கழுத்து ஒல்லியாகவும் பிக்கப் இரண்டாகவும் 'ஜாஸ் பேஸ்' வந்தது. பி என்றால் முந்தையது, ஜே என்றால் பிந்தையது. கும்பகோணம் டிகிரி காபியா, கூர்க் காபியா என்பது போன்ற சண்டை இது. தீராது.

அடுத்தது தந்தி. தட்டையான உலோக நாடா சுற்றிய தந்தி வழவழப்பானது. ஒலியும் மழுங்கிய, அடக்கமான ஒலி. உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி விரலை உராய்க்கும். ஒலி பியானோ போல் கணீரென்று இருக்கும். இரண்டாவது வகை இன்றைய நிலைக்கு வந்ததில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1966-ல் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து தந்தியைச் சீராக்கினார். அதற்கு முந்தைய வருடம் அவர் பட்ட பாட்டை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். டேனெலக்ட்ரோ என்ற அமெரிக்க பேஸின் மெல்லிய தந்தி அவருக்குப் பிடித்திருந்தது. தந்தி அறுந்தால் மாற்றுத் தந்தி இங்கிலாந்தில் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல், தந்திக்காக இன்னொரு பேஸையே வாங்கினார். மறுபடி அறுந்தது, மறுபடி வாங்கினார்.

ஆம்ப்ளிஃபையர் பற்றிப் பேச்சு வந்தால் முதுகு வலியும் கூட வரும். ஆம்பெக் கம்பெனியின் எஸ்.வி.டி. 1969-ல் வந்தது. 300 வாட், கொழுத்த வால்வுகள். தலைப்பெட்டி மட்டுமே 40 கிலோவுக்கு நெருக்கம். பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு அடங்கிய அலமாரி தனி. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதைச் சுமந்துகொண்டு போனார்கள். இன்று அதே சக்தி கொண்ட ஆம்ப் இரண்டு மூன்று கிலோவில், தோள்பையில் அடங்குகிறது. பழசைப் பிரிய மனமில்லாதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மாடிப்படி ஏறும்போது மட்டும் மனம் மாறுகிறார்கள்.

இத்தனையும் பேசி முடித்தபின் யாராவது ஒருவர் அந்தப் பழைய கேள்வியைக் கிளப்புவார். ஒலி எங்கே இருக்கிறது? மரத்திலா, தந்தியிலா, பிக்கப்பிலா, விரலிலா? அப்போது எல்லோரும் சுற்றி வந்து நிற்கும் பெயர் ஒன்று உண்டு: ஜேம்ஸ் ஜேமர்சன்.

தென் கரோலினா மாநிலத்தின் எடிஸ்டோ தீவில் 1936-ல் பிறந்த ஜேமர்சன், 1954-ல் டெட்ராய்ட் நகருக்கு வந்தார். டபுள் பேஸில் ஜாஸ் பயின்றவர். நகரின் மேற்கு கிராண்ட் பூல்வார்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஸ்டூடியோ ஆக்கியிருந்தது. கலைஞர்கள் அதற்கு வைத்த பெயர் 'பாம்புக் குழி'. தரையெங்கும் ஒயர்கள். 1960-களில் சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என்று அந்தக் குழியிலிருந்து எழுந்த பாடல்கள் அமெரிக்காவையே ஆட வைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் ஜேமர்சன் கை.

கை என்பதைவிட விரல் என்பது சரி. வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தந்தியை மீட்டுவார். சகாக்கள் அந்த விரலுக்கே 'கொக்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கருவி 1962-ம் வருட ப்ரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லா கம்பெனியின் தடித்த, தட்டை வகைத் தந்தி. அறுந்தால் தவிர அதை மாற்றவே மாட்டார். விரல் அழுக்கு ஏற ஏறத்தான் ஒலி கனியும் என்பது அவர் சித்தாந்தம். அதிர்வை அடக்க, தந்தி முடியும் இடத்தில் மூடிக்குக் கீழே ஒரு துண்டு நுரைப்பஞ்சு. தந்திக்கும் கழுத்துப் பலகைக்கும் உள்ள இடைவெளியோ மற்றவர்கள் விரல் நோகும் அளவுக்கு அதிகம். ஸ்டூடியோவில் ஆம்ப்ளிஃபையர், மைக் என்று சுற்றி வளைக்காமல் கருவியின் ஒயரை நேராக ஒலிப்பதிவு மேஜையில் செருகிவிடுவார்கள். நல்ல கருவிக்கு இலக்கணம் என்று இன்று கடைக்காரர்கள் சொல்லும் எல்லாவற்றுக்கும் இது நேர் எதிர். அதிலிருந்துதான் பாப் இசை பேஸின் இலக்கணமே பிறந்தது. வெறுமனே தாளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த கீழ் ஸ்தாயி, பாடகருக்குப் பதில் சொல்லவும் பாட்டுக்குள் இன்னொரு பாட்டுப் பாடவும் கற்றுக்கொண்டது. தான் யாரைப் பார்த்துக் கற்றேன் என்று கேட்டபோதெல்லாம் மெக்கார்ட்னி சொன்ன பெயர்களில் ஜேமர்சன் உண்டு.

ஆனால் 1960-களில் இசைத்தட்டு வாங்கிய யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது. மோடவுன் உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயரை அச்சிடவில்லை. 1971-ல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டின் உறையில்தான் முதல்முறையாக, ஈடு இணையற்றவர் என்ற அடைமொழியோடு, அவர் பெயர் வந்தது. அந்தத் தலைப்புப் பாட்டைப் போதையில் உட்கார முடியாமல் தரையில் படுத்துக்கொண்டே வாசித்தார் என்று ஒரு கதை. வாசிப்பைக் கேட்டால் நம்ப முடியாது.

மறு வருடம் மோடவுன் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பியது. பின்னாலேயே சென்ற ஜேமர்சனுக்கு அங்கே பழைய இடம் கிடைக்கவில்லை. புதிய தந்தி போடுங்கள், புதிய பாணியில் வாசியுங்கள் என்ற பேச்சுக்கு அவர் மசியவில்லை. குடி உடலை அரித்தது. 1983-ல் மோடவுன் தன் 25-ம் ஆண்டு விழாவைத் தொலைக்காட்சிக்காக ஆடம்பரமாகக் கொண்டாடியபோது, அவர் கள்ள மார்க்கெட்டில் டிக்கெட் வாங்கி மாடி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்கிறார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 2-ல், 47 வயதில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு அந்த 1962 பேஸ் திருடு போயிருந்தது. இன்று லா பெல்லா அதே தடித்த தந்தியை ஜேமர்சன் பெயர் போட்டே விற்கிறது.

உறையில் பெயர் இல்லாததன் விளைவு இன்று வரை நீள்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் கொடிகட்டிப் பறந்த கரோல் கே, 1963-ல் பேஸ் வாசிப்பவர் வராத ஒரு நாளில் கிடாரை வைத்துவிட்டு பேஸை எடுத்தவர். பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' உட்பட ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகள் அவர் கணக்கில் உண்டு. மோடவுனின் புகழ்பெற்ற பாடல்கள் சிலவும் லாஸ் ஏஞ்சல்ஸில் தான் வாசித்தவைதான் என்பது அவர் வாதம். இல்லவே இல்லை, அவை ஜேமர்சன் வாசித்தவை என்று ஆதாரங்களோடு மறுக்கிறது எதிர்த் தரப்பு. கரோல் கே விரலால் அல்ல, பிளெக்ட்ரமால் மீட்டுபவர். ஒலி விரலில்தான் இருக்கிறது என்றால் கேட்ட மாத்திரத்தில் யார் என்று சொல்லிவிட முடிய வேண்டாமா? முடியவில்லை. உயிரைக் கொடுத்துக் கேட்கும் ஆட்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். காது தீர்க்காத வழக்கை உறையில் அச்சிட்ட ஒரு வரி தீர்த்திருக்கும்.

மூன்றாவது கருவியின் கதை வேறு மாதிரி. ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் வளர்ந்த ஜேகோ பாஸ்டோரியஸ், 1962-ம் வருட ஜாஸ் பேஸ் ஒன்றின் மெட்டுகளை எல்லாம் பிடுங்கி எறிந்தார். வெண்ணெய் தடவும் கத்தியால் பிடுங்கினேன் என்று சொல்வார். பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்சியைப் பலகை மேல் பூசினார். உருண்டை வகைத் தந்தி மரத்தை அரித்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. வீணையிலிருந்து மெட்டை எடுத்தால் கோட்டு வாத்தியம் கிடைப்பதுபோல், ஃபெண்டர் பதித்த துல்லியத்தைத் துறந்ததில் குழைவும் கமகமும் கிடைத்தன. 1976-ல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டும், அடுத்த வருடம் வெதர் ரிப்போர்ட் குழு வெளியிட்ட 'ஹெவி வெதர்' தட்டும் பேஸ்காரர்களைத் தூங்கவிடவில்லை. மெட்டில்லாத பேஸ் விற்பனை பிறகு ஒரு பெரும் மோகமாயிற்று. எபாக்சி பூசியவர்களும் ஏராளம். ஜேகோவின் ஒலி ஜேகோவிடமே இருந்தது.

'பேஸ் ஆஃப் டூம்' என்று அவர் அழைத்த அந்தக் கருவிக்கும் அவருக்கும் ஒரே மாதிரி கதிதான். 1982-ல் அவருக்கு இருதுருவ மனநோய் என்று டாக்டர்கள் கண்டறிந்தார்கள். கருவி ஒரு கட்டத்தில் துண்டு துண்டாக உடைந்தது. ஃப்ளோரிடாவின் கைவினைஞர்கள் பொறுமையாக ஒட்டிச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1986-ல் நியூ யார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் பெஞ்சில் வைத்துவிட்டு கூடைப்பந்து ஆடப் போனார். திரும்பி வந்தபோது அது இல்லை என்கிறார்கள். அப்போது அவரே வீடின்றித் தெருவில் திரிந்துகொண்டிருந்தார். 1987 செப்டம்பரில் ஒரு கிளப் வாசலில் வாங்கிய அடியில், 35 வயதில் இறந்தார். ஏறத்தாழ இருபது வருடங்கள் கழித்து நியூ யார்க் கிடார் கடை ஒன்றில் பேஸ் தலைகாட்டியது. யாருக்குச் சொந்தம் என்று வக்கீல்கள் மோதினார்கள். கடைசியில் 2010-ல், மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவ, கருவி ஜேகோ குடும்பத்தின் பக்கம் வந்தது. செங்குத்தான, காட்டுத்தனமான மெட்டல் இசைக்காரர் ஒருவர் ஜாஸ் கலைஞரின் பேஸுக்காக இப்படி நின்றது வெளியாட்களுக்கு வியப்பு. பேஸ்காரர்களுக்கு இல்லை.

பெயரில்லாமல் வாசித்துவிட்டுப் போவது இந்தியாவுக்கும் புதிதல்ல. பம்பாயில் ஆர்.டி. பர்மனின் துள்ளலுக்கு அடியில் இருந்தவர் டோனி வாஸ். 1980-களின் இளையராஜா பாடல்களில், பல்லவிக்குக் கீழே தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் அந்த பேஸ், சசிதரனின் வாசிப்பு. டேப் ரிக்கார்டரின் பேஸ் குமிழை முழுசாகத் திருப்பிவைத்து அதைக் கேட்டவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். கேசட் அட்டையிலோ இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்களோடு இடம் தீர்ந்துவிடும். வெளிநாட்டுக் கருவி கிடைப்பதும் அப்போது குதிரைக்கொம்பு. இறக்குமதி வரிக்குப் பயந்து, வெளிநாடு போய் வரும் நண்பர்களை நம்பியிருந்தார்கள். இல்லாதவர்களுக்குக் கல்கத்தாவின் கிவ்சன். ஏ.ஆர். ரஹ்மான் 1990-களில் தன் ஒலிநாடாக்களில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட ஆரம்பித்தபோதுதான் கீத் பீட்டர்ஸ் போன்ற பேஸ் கலைஞர்களின் பெயர் ரசிகர்கள் வீட்டுக்குள் நுழைந்தது. இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. 1996-ல் பிறந்த மும்பைக்காரர் மோஹினி டே, பேஸ் கலைஞரான தந்தை சுஜய் டேயிடமே கற்றவர். ரஹ்மானோடும் ஜாகிர் உசேனோடும் வாசித்தவர். வாயால் கொன்னக்கோல் சொல்லிக்கொண்டே அதே சொற்கட்டைத் தந்தியில் அறைவார். 2023-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் பெயர் 'மோஹினி டே'. அட்டையில் பெயர் இருக்குமா என்ற கேள்விக்கே இடமில்லை.

பெயர் இருந்தால் கருவியைத் தேடவும் ஆள் வருகிறது. மெக்கார்ட்னியின் ஹோஃப்னரைக் கண்டுபிடிக்க 2023-ல் ஹோஃப்னர் கம்பெனியோடு தொடர்புள்ள ஒருவரும் ஒரு பத்திரிகையாளர் தம்பதியும் சேர்ந்து பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார்கள். நூற்றுக்கணக்கான தகவல்கள் குவிந்தன. 1972-ல் திருடியவன் அதை நாட்டிங் ஹில் மதுக்கடைக்காரர் ஒருவருக்கு விற்றிருந்ததும், அது அந்தக் குடும்பத்திலேயே கைமாறிப் பரணுக்குப் போனதும் அப்படித்தான் வெளிவந்தது. பழுதுபார்த்த அந்தக் கருவியை 2024 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில், 82 வயது மெக்கார்ட்னி மறுபடி மேடையில் வாசித்தார். நடுவில் கழிந்த ஐம்பது வருடங்களில் அவர் வேறு ஹோஃப்னரில், ரிக்கன்பேக்கரில் எல்லாம் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். எதில் வாசித்தாலும் மெக்கார்ட்னியாகத்தான் கேட்டது. விரல் கட்சிக்காரர்கள் இதைச் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை. அப்படியானால் திரும்பக் கிடைத்தபோது ஏன் இத்தனை சந்தோஷம் என்று மரக் கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள்.

ஜேமர்சனின் பேஸ் மட்டும் வரவில்லை. 1989-ல் 'ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோடவுன்' என்ற புத்தகம் அவர் வாழ்க்கையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2000-ல் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் இடம் கிடைத்தது. 2002-ல் அதே பெயரில் படமும் வந்தது. கருவியைத் தேட ஆர்வம் பிறந்த சமயத்தில் தடயம் ஆறிப்போயிருந்தது. ஃபெண்டர் 1962-ல் செய்த மஞ்சளும் பழுப்புமான ப்ரிசிஷன் பேஸ்கள் உலகமெங்கும் பழைய கிடார் கடைகளுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் விவரம் தெரிந்த பேஸ்காரர் முதலில் திருப்பிப் பார்ப்பது, கழுத்து உடலோடு சேரும் அடிப்பகுதியை. ஜேமர்சன் அங்கே 'ஃபங்க்' என்ற சொல்லைச் செதுக்கி நீல மை பூசியிருந்தார்.